ஒரே சூரியன், ஊருக்கு ஒரு வெயில்

(மாட்டுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓர் ஆடி அமாவாசையன்று வீட்டில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தேன். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. வாத்தியார் சங்கல்பத்தில் "க்ரீஷ்ம ருதௌ" என்றார், நானும் சொன்னேன். எல்லாம் முடிந்தபின் என் பேரன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, க்ரீஷ்மம்னா கோடைதானே? இந்த மழையில எங்கே கோடை?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சங்கல்பத்தில் வரும் ருது, சூரியன் எந்த ராசியில் இருக்கிறார் என்ற கணக்கைச் சொல்கிறது. நம் ஜன்னலுக்கு வெளியே வானம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு விடைபெறுகிறது. தை மாதம் சிட்னியில் இருப்பவர் "ஹேமந்த ருதௌ" என்று சொல்லும்போது அங்கே நடுக்கோடை. கணக்கு ஒன்றுதான், வெயில்தான் ஊருக்கு ஊர் வேறு.

சூரியன் கிட்டே வந்தால் கோடை, தூரம் போனால் குளிர் என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், டெல்லியில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கும்போது! காரணம் பூமியின் சாய்வு, சுமார் இருபத்து மூன்றரை டிகிரி. டார்ச் விளக்கைச் சுவரில் நேராக அடித்தால் சிறிய வட்டம், பளிச்சென்று இருக்கும். சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீளமாகப் பரவி மங்கிவிடும். வெயிலும் அப்படித்தான்.

டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சென்னையில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. மும்பையில் 47, டெல்லியில் 38. லண்டனில் வெறும் 15. அன்று லண்டனில் பகலே எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மும்பையில் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொரு மணி நேரம் இருக்கிறது. சிங்கப்பூரிலோ வருஷம் முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான்.

சாய்வு மட்டும் போதாது. மேகத்தையும் பார்க்க வேண்டும். மும்பையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு முறை: மே 15-ஐ ஒட்டியும், ஜூலை 27-ஐ ஒட்டியும். மே மாதத்தில் நிழல் காலடியில் மறைவதைப் பார்க்கலாம். ஜூலையில் பெரும்பாலும் சூரியனையே பார்க்க முடியாது. 2005 ஜூலை 26-ஐ நாம் மறக்க முடியுமா? சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று நண்பகலில் மேகங்களுக்கு மேலே சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேராக இருந்தது!

இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருப்பவர்கள் தாராவியில் அப்பளம் இடும் பெண்கள். கவிழ்த்த கூடைகளின் மேல் அப்பளத்தைப் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். மழைக்காலம் அவர்களுக்குச் சோதனைக் காலம். நம் வீட்டு மாமிகளும் மழைக்கு முன்பே வடாம் பிழிந்து டப்பாவில் அடைத்துவிடுவார்கள்.

இனி என் சொந்த விஷயம். என் அம்மா கும்பகோணத்தில் முற்றத்து வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி மாட்டுங்கா வந்தாள். பிற்காலத்தில் செம்பூரில் எங்களுடன் இருந்தாள். தூசியும் கொசுவும் வரக்கூடாதென்று பால்கனியை அடைத்துக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டேன். தினமும் காலையில் அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜபம் செய்வாள். 2011-இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்றார்கள். "நான் தினம் கார்த்தால வெயில்லதானேடா உட்காந்துண்டிருக்கேன்?" என்று அம்மா கேட்டாள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. தோலில் வைட்டமின் டி உண்டாக, புற ஊதாக் கதிரில் ஒரு குறிப்பிட்ட வகை வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதும் மிகக் குறைவு. ஆகவே இளவெயில் மனதுக்கு இதம். எலும்புக்கு அவ்வளவாகப் பயனில்லை. நம் சைவ உணவிலும் இந்த வைட்டமின் கொஞ்சம்தான். அம்மா அதற்குப்பின் துணையில்லாமல் நடக்கவில்லை. கண்ணாடி போட்டவன் நான் என்பது இன்றும் உறுத்துகிறது.

உங்களுக்கு ஓர் எளிய கணக்கு: நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயிலில் அந்தச் சக்தி இருக்கிறது. நீளமாக இருந்தால் குறைவு. டிசம்பர் நண்பகலில் ஐந்தடி உயரமுள்ளவருக்கு மும்பையில் நாலரை அடி நிழல் விழும். லண்டனில் பதினெட்டு அடிக்கு மேல்! அதனால்தான் பிரிட்டிஷ் அரசு, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி மக்களுக்குச் சொல்கிறது. நம்மைப் போல் கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு வருஷம் முழுவதுமே அந்த யோசனை பொருந்தும் என்கிறது.

குளிர் தேசங்களில் பிள்ளை, பெண் வீட்டுக்குப் போகும் பெரியவர்கள் கம்பளியோடு இந்த யோசனையையும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக அதிகம் சாப்பிட்டாலும் கெடுதல். இங்கே இருப்பவர்கள் கண்ணாடியைத் திறந்துவிட்டு, கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் வெயில் படும்படி இருங்கள். மே மாதம் உச்சி வெயில் வேண்டாம். காலை பத்து மணியே போதும்.

பேரனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "வாத்தியார் சொன்னது சூரியனோட விலாசம். நம்மாத்து வாசலுக்கு அவர் எப்படி வரார்னு நாமதான் பார்த்துக்கணும்." அவன் உடனே போய்ப் பால்கனி ஜன்னலைத் திறந்தான். சாரல் அடித்து வேஷ்டி நனைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.