மாநகராட்சி பட்ஜெட்டில் நாம எங்கே இருக்கோம்?

(திருச்சியில் மாணவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மாநகராட்சி பட்ஜெட்னு சொன்னாலே அது ஏதோ கணக்குப்பிள்ளை சமாச்சாரம்னு நம்ம ஆட்கள் ஒதுங்கிடறாங்க. மாணவர் தோழர்களும் அப்படித்தான். மத்திய பட்ஜெட்டைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசுவாங்க. அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. ஆனா நம்ம சனங்களுக்கு அரசாங்கம்னா டெல்லியும் இல்லை, கோட்டையும் இல்லை. விடியக்காலையில வருகைப் பதிவேட்டைத் தூக்கிட்டு நிக்கிற மேஸ்திரிதான் அரசாங்கம். இவன் ஒரு கோடு போட்டா அன்னிக்குக் கூலி கிடையாது.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன். 1865-ல் வெள்ளைக்காரன் நகர மேம்பாட்டுச் சட்டம் போட்டான். அதன்படி 1866-ல் திருச்சிராப்பள்ளி நகராட்சி வந்தது. ஸ்ரீரங்கம் நகராட்சி 1871-ல் வந்தது. எதுக்காக வந்துச்சு? ரோடு போட, விளக்கு ஏத்த, ஊரைச் சுத்தமா வைக்க. காலரா வந்தா பங்களாவுக்கும் வரும்ங்கிற பயம். ஆக, நகராட்சி பொறந்ததே துப்புரவு வேலைக்குத்தான். இதை மனசில வச்சுக்குங்க, பின்னாடி திரும்பி வர்றேன்.

அந்த வேலையைச் செய்ய யாரைக் கூப்பிட்டான்? சாதி ஏற்கெனவே ஆள் தயார் பண்ணி வச்சிருந்தது. தோட்டின்னு பேரு வச்சிருந்தது. பழைய அக்ரகாரங்களில் வீட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து விட்டிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? மலம் அள்ள வர்றவங்க வாசத் தெருவில் நடக்கக் கூடாதுன்னு ஏற்பாடு. நகராட்சி அந்தச் சாதி ஏற்பாட்டை அப்படியே எடுத்துச் சம்பளப் பட்டியல்ல எழுதிக்கிச்சு. பொதுத் தெருவில் எல்லோரும் நடக்கலாம்னு 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்ததுன்னா நிலைமையைப் பார்த்துக்குங்க. தெருவைப் பெருக்கலாம், நடக்கக் கூடாது.

1994-ல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. அப்ப தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. 1986-ல் ஜெயிச்சவங்க காலம் 1991-ல் முடிஞ்சது. அடுத்த தேர்தல் 1996-ல்தான். மூணு ஊரோட வரவு செலவும் வேலையாட்களும் ஒண்ணாக் கலந்தபோது நம்மகிட்டே யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. திரும்ப 2016 அக்டோபர்லேர்ந்து 2022 பிப்ரவரி வரைக்கும் தனி அலுவலர் ஆட்சி. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, மக்கள்தொகைப்படி தலித்துகளுக்கு வார்டு ஒதுக்கீடு கொடுத்தது. அதுல சந்தோசம். ஆனா அஞ்சு வருசத்துக்கு மேல மன்றமே இல்லேன்னா, இல்லாத நாற்காலிக்கு ஒதுக்கீடு எதுக்கு? அந்த இடைவெளிக்குக் கொஞ்சம் முன்னாடி, 2016-ல், நாட்டிலேயே சுத்தமான நகரங்கள் வரிசையில் மைசூர், சண்டிகருக்கு அடுத்து மூணாவது இடம் திருச்சிக்குன்னு பாராட்டு வந்தது. 2020-ல் 'துப்புரவு'ங்கிற பேரை மாத்தித் 'தூய்மைப் பணியாளர்'னு வச்சாங்க. பேரு மாறினதுக்குச் செலவு இல்லை பாருங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். வேலையும் வீடும் ரெண்டு தனிப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நகராட்சிக் குடியிருப்புல இருக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வீடு வேலையோட சேர்ந்தது. அப்பா ரிட்டையர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். காலி பண்ணாம இருக்கணும்னா வீட்ல இன்னொருத்தர் துடைப்பத்தை எடுக்கணும். பத்தாவது முடிச்ச பையன், பன்னிரண்டாவது படிக்கிற பொண்ணு, யாரோ ஒருத்தர். அப்பா பணியில செத்துட்டா கருணை அடிப்படையில் வேலை. அதுவும் அதே வேலை. சாதித் தொழிலை விட்டு வெளியே வா, வெளியே வான்னு மேடையில கூப்பிடறோம். வெளியே வந்தா படுக்க இடமில்லை தோழர். கேடுகெட்ட ஏற்பாடுதான், ஆனா தலைக்கு மேல கூரை இருந்தது.

இப்ப அதுவும் போகுது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் பணியிடங்களை மாத்தியமைச்சு, துப்புரவு வேலையை வெளியாள் ஒப்பந்தத்துக்குத் தள்ளிடுச்சு. நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெற்றா அந்த இடத்துக்கு ஒப்பந்தக்காரர் ஆள் வர்றார். இந்த ஆளும் யாரு? அதே சேரி, அதே சாதி, அதே சாக்கடை. மாறினது மூணுதான்: சம்பளம், ஓய்வூதியம், குடியிருப்பு. கருணை வேலையும் கிடையாது. அடிமைத்தனத்தை ஒழிக்காம அதுல இருந்த கூலியை மட்டும் ஒழிச்சிருக்காங்க.

வீட்டுக்கு எங்கே போறது? 1970-ல் வந்த குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆச்சு. வீடு குடுக்கிறாங்க, இல்லேன்னு சொல்லலை. எங்கே? சென்னையில கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பாருங்க. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க. விடியக்காலை வேலைக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்கிறது? பயனாளி பங்குத்தொகை வேற கட்டணும். கடன் கேட்டா வங்கிக்காரன் சம்பளச் சீட்டு கேப்பான். ஒப்பந்தக்காரர் ஏது சீட்டு தர்றார்?

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற சண்டை இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம். 1968 பிப்ரவரியில் ரெண்டு கறுப்பினத் தொழிலாளிகள் குப்பை லாரி இயந்திரத்தில் நசுங்கிச் செத்தாங்க. சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினாங்க. நானும் மனுசன்தான்னு அட்டை பிடிச்சாங்க. ஆதரவு தரப் போன மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4-ந் தேதி அந்த ஊர்லதான் சுட்டுக் கொன்னாங்க. ஏப்ரல் 16-ந் தேதி நகர நிர்வாகம் சங்கத்தை ஒத்துக்கிச்சு. பம்பாயில பாபாசாகேப் 1935-லேயே மாநகராட்சித் தொழிலாளர் சங்கம் கண்டவர். அதே மும்பையில 2,700 ஒப்பந்தக் குப்பைத் தொழிலாளர்கள் வழக்கு நடத்தினாங்க. ஒப்பந்தமே போலின்னு தீர்ப்பாயம் சொன்னது. 2017 ஏப்ரல் 7-ல் உச்சநீதிமன்றம் இவங்களை நிரந்தரமாக்கச் சொன்னது.

இப்ப 1866-க்குத் திரும்பி வர்றேன். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தன. அதுல ஒரு நிறுவனத்தின் மைய வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாதுன்னு இருக்கு. விதிவிலக்குகள் நிறைய. துப்புரவும் குப்பை அள்ளுறதும் மைய வேலை ஆகாதுன்னும் எழுதி வச்சிருக்கான். ஆனா கூடவே ஒரு நிபந்தனை: அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே ஏற்பட்டதா இல்லாதபோதுதான் இந்த விலக்கு. மாநகராட்சி வேற எதுக்காக ஏற்பட்டதாம்? இந்த வாதத்தை வழக்கறிஞர் தோழர்கள் எடுத்துக்கணும். ஜெயிக்கும்னு நான் சத்தியம் பண்ணலை. விதிவிலக்குகள் பெரிய ஓட்டைகள். ஆனா கேக்காம விடக் கூடாது.

மாணவர் தோழர்களுக்கு வேலை இருக்கு. மாநகராட்சி பட்ஜெட்ல வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதின்னு மூணு பிரிவு வரும். வருவாய் நிதியில நிரந்தரப் பணியாளர் சம்பளம் எவ்வளவு, திடக்கழிவு ஒப்பந்தத்துக்கு எவ்வளவு, பத்து வருசத்துக்கு வரிசையா எழுதுங்க. எது ஏறுது எது இறங்குதுன்னு கண்ணால பார்த்துடலாம். ஒப்பந்தக்காரருக்கு ஆள் ஒண்ணுக்கு எவ்வளவு போகுது, கைக்கு எவ்வளவு வருது? வருங்கால வைப்பு நிதி பிடிச்சதைக் கட்டினாங்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம். 2022 நவம்பர்லேர்ந்து ஏரியா சபைன்னு ஒண்ணு நடத்தறாங்க. அங்கே விளக்கு எரியலைன்னு மட்டும் நம்ம ஆட்கள் பேசிட்டு வந்துடறாங்க. இதைக் கேளுங்க.

தனித்தொகுதியில ஜெயிச்ச நம்ம கவுன்சிலர்கள்கிட்டேயும் கேளுங்க. கட்சிக் கொறடா சொன்னபடி கைதூக்கினா அந்த நாற்காலி நமக்கு எதுக்கு?

தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடையாள அட்டை, சம்பளம் ஏறின வங்கிப் புத்தகம், வருகைப் பதிவோட நகல், மேஸ்திரி துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தது, எதையும் தூக்கிப் போடாதீங்க. யாருடைய மேற்பார்வையில வேலை பார்த்தீங்கன்னு கோர்ட்டு கேக்கும்போது அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும். பேரு எழுத்துப் பிழையா இருந்தா இப்பவே திருத்தச் சொல்லுங்க.

மூணு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கோம். ஒண்ணு ஒப்பந்த நகல் கேட்டு, ஒண்ணு வைப்பு நிதி விவரம் கேட்டு, மூணாவது குடியிருப்புல ஓய்வு பெற்றவங்க பட்டியல் கேட்டு. கையெழுத்துப் போடறவங்க டீ குடிச்சிட்டு இருங்க, ஒவ்வொருத்தரா வாசிச்சுக் காட்டிட்டு வாங்கிக்கறோம்.