கோரல் மில் தொழிலாளரும் வக்கீல் சிதம்பரம் பிள்ளையும்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1896-ல் மதுரையிலிருந்து ஓர் இளைஞர் இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். அவரால்தான் இந்தப் பகுதிக்கே பெயர் வந்தது. அதே காலத்தில், தெற்கே ஒட்டப்பிடாரத்தில் வேறோர் இளைஞர் வக்கீல் தொழிலில் காலூன்றிக் கொண்டிருந்தார். அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டியவர் என்று அவரை நாம் எல்லோரும் அறிவோம். ஆலைத் தொழிலாளியின் பக்கம் நின்றவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

அவர் 1872-ல் பிறந்தவர். தந்தையும் வக்கீல். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் போலீசாரை எதிர்த்து ஏழைகளுக்காக வழக்காடினார், பகை மூண்டது. 1900-ல் தூத்துக்குடிக்குப் போனார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார்.

அவ்வூர் கோரல் மில் வெள்ளைக்கார ஹார்வி கம்பெனியின் கையில் இருந்தது. நாள் முழுதும் உழைப்பு, கூலியோ சொற்பம், வார ஓய்வும் கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அன்று சங்கம் இல்லை, சங்கச் சட்டமும் இல்லை. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊராரிடம் நிதி திரட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது!

சர்க்கார் பொறுக்குமா? மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தங்கள் வக்கீலுக்காக! அதே ஆண்டு ஜூலையில் திலகருக்கு 6 ஆண்டுத் தண்டனை விதித்தபோது, பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரும் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சிதம்பரம் பிள்ளைக்கு விதித்த தண்டனை இரட்டை ஆயுள், அதாவது 40 ஆண்டு! அப்பீலில் 6 ஆண்டாகக் குறைந்தது. சிறையில் அந்த வக்கீலைச் செக்கிழுக்க வைத்தார்கள். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையோடு மல்லாடினார். அப்போதும் தொழிலாளரை விட்டு விலகவில்லை. பின்னாளில் சன்னது திரும்பக் கிடைத்தது, கோவில்பட்டியில் வழக்காடினார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் மறைந்தார்.

தோழர்களே! ஞாயிற்றுக்கிழமை ஆலைக் கதவு மூடியிருக்கிறதே, அது எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. அதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் நம் விவசாயத் தொழிலாளிக்கு இன்றும் கூலியோடு ஓய்வுநாள் கிடையாது. உட்கார்ந்தால் அன்றைக்கு உலை கொதிக்காது. ஆலையில் கிடைத்தது வயலுக்கும் வர வேண்டும். அதைக் கேட்கும்போது ஆலைத் தொழிலாளியும் பக்கத்தில் நிற்க வேண்டும். கோரல் மில் தொழிலாளர் நமக்குக் காட்டிய வழி அதுவே!