மழை ஓய்ந்த பின் வரும் காய்ச்சல்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை ஒரு காய்ச்சல் வரும். மாத்திரை போட்டால் இறங்கும், மறுபடி ஏறும். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. வாரம் கடந்தும் விடாது. அப்போது உடம்பில் தேட வேண்டியது ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கை. சிகரெட் சுட்ட காயம் மாதிரி இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. அக்குளில், தொடை இடுக்கில், மார்பின் கீழ் ஒளிந்திருக்கும். பெண்கள் கூச்சப்பட்டுக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் என் கவலை. டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், தாயே.

இதுதான் ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். வரப்போரப் புல்லிலும் புதரிலும் இருக்கும் பொடி உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. ரத்தப் பரிசோதனை உண்டு. சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமலே டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் தொடங்குவார்கள். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாயும். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்து ஊசி வழி ஏற்றுவது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

காய்ச்சல் மூன்று வாரம் தாண்டினால் காசநோய் உட்பட வேறு காரணங்களையும் பார்ப்பார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காட்டு வேலைக்குப் போனதைச் சொல்லுங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.