விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்க தன்விவரத்தையும் சான்றிதழ் நகலையும் ஒழுங்கா வச்சிடுறாங்க. அதுக்கு மேல வைக்கிற கடிதத்துலதான் சிக்கல். நம்ம உறுப்பினர்கள் எழுதின கடிதங்கள் பலவற்றைப் படிச்சிருக்கேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள். கணவருக்கு உடல்நலம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். தாங்கள் மனமிரங்கி வேலை தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா படிக்கிற மேலாளர் தேடுறது வேற. இந்த அம்மாவால நம்ம வேலையைச் செய்ய முடியுமா? அதுக்கு இந்தக் கடிதத்துல ஒரு வரிகூட பதில் இல்லையே! அரசு வேலைன்னா ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதுக்குரிய சான்றிதழை இணைச்சாலே போதும். கடிதத்துல அழ வேண்டியதில்லை.

"எனக்கு என்ன மேடம் அனுபவம் இருக்கு, வீட்லதானே இருந்தேன்" என்று கேட்கிறீர்கள். 1989ல் தர்மபுரியில் நம் மாநிலத்தின் மகளிர் குழுக்கள் தொடங்கின. அன்னிக்கிலேர்ந்து ஊக்குநரும் பிரதிநிதியும் என்ன செஞ்சுட்டு வர்றாங்க? தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எழுதுறாங்க. வங்கி மேலாளர்கிட்ட உட்கார்ந்து கடன் பேசுறாங்க. தவணை கட்டாத வீட்டுக்கு நடையா நடக்குறாங்க. (கடைசி வேலை எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்!) இதெல்லாம் அனுபவம் இல்லாம வேற என்ன?

ஒரு ஜவுளிக்கடையில கணக்கு உதவியாளர் வேணும்னு விளம்பரம் வருதுன்னு வைங்க. இப்படி எழுதலாம்:

"எங்கள் குழுவில் 6 ஆண்டுகளாக ஊக்குநராக இருந்து, 15 உறுப்பினர்களின் சேமிப்பு மற்றும் கடன் கணக்குகளை எழுதி வருகிறேன். மாதந்தோறும் வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் சரிபார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்துள்ளேன்."

மூணே வரி. ஆனா கடைக்காரருக்கு வேண்டியது அதுல இருக்கு. எண்ணிக்கையை மட்டும் கூட்டிச் சொல்லாதீங்க, நேர்காணல்ல நோட்டைக் கொண்டு வாங்கன்னு கேட்டுட்டா மாட்டிக்குவோம். இதே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து மழலையர் பள்ளி ஆயா வேலைக்கு அனுப்பினாலும் பயன் இல்லை. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கிட்ட அனுபவத்தைத்தான் முதல்ல எழுதணும்.

மற்றபடி அமைப்பு நமக்குத் தெரிஞ்சதுதான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வையில எந்த நாளிதழ், எந்தத் தேதி விளம்பரம்னு குறிப்பிடுங்க. ஒரு பக்கத்துக்கு மேல போக வேண்டாம். அசல் சான்றிதழை அனுப்பாதீங்க, நகல் போதும். இன்னொண்ணு, வீட்டுக்காரர் செல்போன் நம்பரைக் கொடுக்காதீங்க. அவங்க கூப்பிடும்போது அவர் வயல்ல இருப்பார். உங்க நம்பரையே எழுதுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வெள்ளைத்தாளும் பேனாவும், விண்ணப்பிக்க நினைக்கிற வேலையோட விளம்பரமும் எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து எழுதிடலாம். மகளுக்காகக் கேட்கிறவங்க மகளையே கூட்டிட்டு வாங்க.