உட்கார ஓர் இருக்கை: உழைப்பவரின் மனநலமும் நமது பொறுப்பும்

(ஜும்ஆ உரை)

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ஹலாலான உழைப்பு ஓர் இபாதத் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்த உழைப்பு நடைபெறும் இடத்தில் மனிதனின் உள்ளத்திற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஓயாத மன அழுத்தம் மூளையை எவ்வாறு பாதிக்கிறது, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதையே இன்று சிந்திக்க இருக்கிறோம்.

நம் கண்முன் நிற்பவர்கள்

சென்னை தியாகராய நகரில் உஸ்மான் சாலை இருக்கிறது. 1934ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்த சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கிய சாலை அது. அதையொட்டிய ரங்கநாதன் தெருவுக்கும் பாண்டி பஜாருக்கும் பெருநாள் துணிமணி வாங்க நாம் குடும்பத்தோடு செல்கிறோம். ஐம்பது சேலைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அவற்றைப் பிரித்துக் காட்டிய பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அவர்களுள் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற தென்மாவட்டங்களிலிருந்து வந்து, கடைக்காரர் ஏற்பாடு செய்த விடுதியில் தங்கி, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அதன்படி 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். இதற்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டில் விஜி என்ற பெண்மணியின் முயற்சியால் கடைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2018இல் அங்கு இத்தகைய சட்டம் வந்தது.

சகோதரர்களே! ஆள் இல்லாத நேரத்தில் ஒருவர் சற்று உட்கார்ந்துகொள்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. கடை நடத்தும் நாமும், கடைக்குச் செல்லும் நாமும் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூளையில் என்ன நிகழ்கிறது?

மன அழுத்தம் முழுவதும் தீயதன்று. ஆபத்து வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகின்றன, கவனத்தைக் கூர்மையாக்குகின்றன. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது அல்லாஹ் நம்மைப் பாதுகாக்க அமைத்த ஏற்பாடு. ஆபத்து நீங்காமல் நாள்தோறும் தொடரும்போதுதான் சோதனை தொடங்குகிறது.

மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி நினைவாற்றலுக்குத் துணைபுரிகிறது. போதும் என்று சொல்லிக் கார்ட்டிசால் சுரப்பைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பங்குண்டு. அமிக்டலா என்ற மற்றொரு பகுதி அச்சத்தை உணர்த்துவது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியின் குழுவினர் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம், 10 நாட்கள் அசையவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகள் சுருங்கியிருந்தன; அமிக்டலாவின் கிளைகளோ வளர்ந்து படர்ந்திருந்தன. நினைவும் நிதானமும் தரும் பகுதி தேய, அச்சம் தரும் பகுதி பெருகியிருந்தது.

2004இல் அதே குழுவினர் மற்றோர் உண்மையையும் கண்டனர். அந்த எலிகளுக்கு 21 நாட்கள் ஓய்வு கொடுத்தபோது ஹிப்போகாம்பஸ் மீண்டுவிட்டது. அமிக்டலாவில் ஏற்பட்ட வளர்ச்சி அப்படியே இருந்தது. எலிக்கு நேர்வது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட முடியாது. எனினும், ஓய்வு வந்த பின்னும் அச்சம் நீங்காமல் இருப்பதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்று நாம் இலேசாகச் சொல்லும் ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது.

அதிகாரம் இல்லாதவருக்கே அதிகச் சுமை

பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மன அழுத்தம் மிகுதி என்று பலர் எண்ணுகிறோம். இங்கிலாந்தில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தவர்கள் இதயநோயால் இறந்த விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு இல்லாமை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று எடுத்துக்காட்டியது. எப்போது உட்காரலாம், எப்போது உண்ணலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பவை எல்லாம் பிறர் கையில் இருந்தால் அதுவே ஒரு சுமை.

துணிக்கடைக்கு மட்டும் உரிய நிலையன்று இது. மயிலாப்பூரில் கணக்கெழுதும் ஊழியரும், அடையாற்றிலிருந்து தரமணி கணினி நிறுவனத்திற்குச் சென்று நள்ளிரவில் திரும்பும் நம் பிள்ளைகளும் இதே சுமையை வேறு வடிவில் சுமக்கிறார்கள். குளிரூட்டப்பட்ட அறை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. எப்போது வேலை முடியும் என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். மேற்சொன்ன 1947ஆம் ஆண்டுச் சட்டமோ கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்றே வரம்பு வகுத்தது. நம் கடைகளில் அந்த வரம்பு பேணப்படுகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக!

மார்க்கம் காட்டும் வழி

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்து, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்னும் கருத்துப்பட எச்சரித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள் என்றும், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையும் அவர்களுக்கும் அளிக்கவேண்டும் என்றும், அவர்களுடைய சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக்கூடாது என்றும், அப்படிச் சுமத்தினால் நீங்களே கைகொடுத்து உதவவேண்டும் என்றும் போதித்தார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே விதமான ஆடை அணிந்திருந்ததை மக்கள் வியந்து பார்த்தார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இச்சம்பவத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கண்டிக்கப்பட்டது இழிசொல். அதற்குப் பின்னரே உணவும் உடையும் வேலைச் சுமையும் பேசப்பட்டன. வாடிக்கையாளர் முன்னிலையில் ஊழியரை ஏசுவது சிறிய விஷயமென்று எண்ணும் முதலாளிகள் இதைச் சிந்திக்கவேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டுவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதில் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாவல் தேடிய நபியவர்கள், கடன் சுமையிலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் அதே மூச்சில் பாதுகாவல் தேடினார்கள். உள்ளத்தின் வேதனையும், ஒருவர் கையில் மற்றவர் அடங்கிக் கிடக்கும் நிலையும் அந்த ஒரே துஆவில் இடம்பெறுகின்றன. கவலை என்பது அவரவர் மனத்துக்குள் மட்டும் பிறப்பதன்று என்ற பாடம் நமக்கு இதில் கிடைக்கிறது.

உள்ளத்தின் நோயைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதுமன்று. ஹிஜ்ரி 3, 4ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடலின் நலம், ஆன்மாவின் நலம் என்று இரு பகுதிகளாக ஒரு மருத்துவ நூலையே எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளமும், உள்ளம் நோயுற்றால் உடலும் பாதிக்கப்படும் என்பது அவர் விளக்கிய கருத்து.

நாம் செய்யவேண்டியவை

தொழில் நடத்தும் சகோதரர்களே! உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதோடு நிற்காமல் வேலையின் அமைப்பையே சீர்செய்யவும், மேலாளர்களைப் பயிற்றுவிக்கவும் சொல்கிறது. ஸப்ர் செய்யுங்கள் என்று ஊழியருக்கு உபதேசிப்பதற்கு முன், நம்மால் இறக்கிவைக்கக்கூடிய சுமையை இறக்கிவைக்க வேண்டும். கடையில் இருக்கைகளைப் போடுங்கள். அதில் உட்காருபவரை முறைத்துப் பார்க்காதீர்கள். உணவுக்கும் தொழுகைக்கும் கழிப்பறைக்கும் நேரம் கொடுங்கள். வேலை முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். விடுமுறை கேட்டு வருபவரைக் குற்றவாளிபோல் நிறுத்தாதீர்கள்.

வாடிக்கையாளராகச் செல்லும் தாய்மார்களே! கடை மூடும் நேரத்தில் சென்று அத்தனையையும் பிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். உட்கார்ந்திருக்கும் பணிப்பெண்ணை மரியாதைக் குறைவு என்று புகார் சொல்லாதீர்கள்.

பெற்றோர்களே! வேலைக்குப் போகும் மகன் உறக்கமின்றித் தவித்தாலோ, மகள் எதிலும் நாட்டமின்றி வாடினாலோ, ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் காயத்தின் மேல் காயம். பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். துஆ செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

உள்ளம் உடைந்து நிற்கும் சகோதர, சகோதரிகளே! உங்கள் வேதனை வெட்கப்பட வேண்டியதன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நொடியும் தனித்திராதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பு, இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து இத்தகையோரின் குரலைக் கேட்டு வருகிறது. அதன் எண் 044-24640050.

அன்பிற்குரியவர்களே! நம் கீழ் வேலை செய்பவர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அவருடைய உழைப்பைப் பற்றி மட்டுமன்றி, அவர் வீடு திரும்பும்போது எந்த நிலையில் திரும்பினார் என்பதைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம். இன்றே கடைக்குத் திரும்பியதும் நம்மால் ஆகக்கூடிய முதல் காரியம், அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

யா அல்லாஹ்! எங்கள் கவலைகளையும் துயரங்களையும் நீக்குவாயாக! பிறர்மீது சுமையாக இருப்பதிலிருந்தும், பிறர்மீது சுமை ஏற்றுவதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! உழைப்பவரின் உள்ளத்தில் அமைதியையும், உழைப்பிப்பவரின் உள்ளத்தில் இரக்கத்தையும் தருவாயாக! ஆமீன்.