இரண்டு ரன்னிங் பேக், ஒரே இடம்: யாரை எடுப்பது?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாடித் தோட்டம், மழைநீர் சேகரிப்பு என்று பேசும் இடத்தில் அமெரிக்க ஃபுட்பால் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நம் குடியிருப்பில் அலுவலக நண்பர்களோடும், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளோடும் ஃபேண்டஸி லீக் ஆடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் மகனுக்கும் இங்கே இருக்கும் அப்பாவுக்கும் வாரம் ஒரு முறையாவது பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு ரன்னிங் பேக்கும் நல்லா ஆடுறாங்க, யாரை எடுக்கிறது?" ஆடாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டம். பெயர் ஃபுட்பால் என்றாலும் காலால் உதைப்பது குறைவு. குவாட்டர்பேக் பந்தை எறிவார், அல்லது பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுப்பார். கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்தைப் பிளந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். ஃபேண்டஸியில் நிஜ வீரர்களை நம் அணியில் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது நமக்குப் புள்ளியாகிறது. வழக்கமான கணக்கில் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச் டவுனுக்கு 6 புள்ளி.

நம் ஊர் கிரிக்கெட் ஃபேண்டஸியில் ஒரே வீரரை லட்சம் பேர் எடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டும்தான். நீங்கள் விட்டவரை அடுத்த ஆள் எடுத்துக்கொண்டு, சீசன் முழுக்க அவரை வைத்தே உங்களைத் தோற்கடிப்பார். தேர்வு அதனால்தான் இவ்வளவு கனமாகத் தெரிகிறது.

இந்த விளையாட்டு 1962இல் பிறந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். அடுத்த ஆண்டு முதல் லீக் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை "இவரா, அவரா" என்ற கேள்வி ஓயவில்லை.

2024 சீசனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு இரண்டு பெரிய ரன்னிங் பேக்குகள் புது அணிக்கு மாறினார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸிலிருந்து பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போன சாக்வான் பார்க்லி ஒருவர். டென்னசி டைட்டன்ஸிலிருந்து பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போன டெரிக் ஹென்றி மற்றவர். இவர்களில் யார்?

முதல் கேள்வி: உங்கள் லீக்கின் விதி என்ன? சில லீக்குகளில் எறிந்த பந்தைப் பிடித்தால் ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு புள்ளி கூடுதல். சிலவற்றில் அரைப் புள்ளி. சிலவற்றில் எதுவும் கிடையாது.

அந்த சீசனில் பார்க்லி ஓடியது 2,005 யார்டு, கேட்ச் பிடித்து எடுத்தது 278 யார்டு, டச் டவுன் மொத்தம் 15, கேட்ச் 33. ஹென்றி ஓடியது 1,921 யார்டு, கேட்சில் 193 யார்டு, டச் டவுன் 18, கேட்ச் 19. பந்து நழுவியதற்கான கழிவு மாதிரியான சில்லறைக் கணக்கை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக்கில் ஹென்றி 319.4, பார்க்லி 318.3. ஹென்றி ஒரு மயிரிழை முன்னால். கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் பார்க்லி 351.3, ஹென்றி 338.4. ஏறக்குறைய 13 புள்ளி வித்தியாசத்தில் பார்க்லி முன்னால்.

ஆட்டம் அதே ஆட்டம், ஆட்களும் அதே ஆட்கள். விதி மாறியதும் விடை மாறிவிட்டது. சீசன் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் இப்படிக் கூட்டலாம் என்பீர்கள். ஆனால் பார்க்லி 2018இல், தன் முதல் சீசனிலேயே, 91 கேட்ச் பிடித்தவர். ஹென்றி எப்போதும் முட்டி மோதி ஓடுகிறவர், கேட்ச் அவருடைய பிழைப்பு அல்ல. இது முன்பே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே யாரிடமாவது யோசனை கேட்கும்போது உங்கள் லீக்கின் விதியை முதலில் சொல்லுங்கள். விதி தெரியாமல் வரும் யோசனை, நோயாளியைப் பார்க்காமல் எழுதிய மருந்துச் சீட்டு.

இரண்டாவது கேள்வி: பந்து எத்தனை முறை கைக்கு வரும்? கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பந்துகள் ஏழாவது ஆளுக்குக் கிடைக்காது. இங்கேயும் அதே நியாயம். பார்க்லி 16 ஆட்டத்தில் 345 முறை ஓடினார், ஹென்றி 17 ஆட்டத்தில் 325 முறை. ஆட்டத்துக்கு ஏறக்குறைய இருபது முறை பந்து வாங்குகிறவர், ஒரு நாள் சோபிக்காவிட்டாலும் ஓரளவு புள்ளி தந்துவிடுவார். எட்டு முறை மட்டும் வாங்கி ஒரே ஓட்டத்தில் 60 யார்டு போனவரை ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு எடுக்காதீர்கள். அடுத்த வாரமும் அந்த ஓட்டம் வரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? 2023இல் ஜயண்ட்ஸில் பார்க்லியின் சராசரி ஓட்டத்துக்கு 3.9 யார்டு. அடுத்த ஆண்டு ஈகிள்ஸில் 5.8. கால்கள் அதே கால்கள்தான், முன்னால் வழி திறக்கும் தடுப்பு வீரர்கள் மாறினார்கள். அதே சமயம் கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கும்போது ஈகிள்ஸ் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் பின்னாலிருந்து தள்ளப்பட்டுத் தானே உள்ளே புகுந்துவிடுவார். அந்த சீசனில் ஓடி அவர் எடுத்த டச் டவுன் மட்டும் 14. பார்க்லிக்கு ஓட்டத்தில் கிடைத்தது 13. ரேவன்ஸ் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் ஓடி எடுத்தது 4 மட்டுமே. ஹென்றிக்கு 16 கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் வேறொருவர் என்றால் பெயர் யாருக்குப் போகும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது: உடல்நிலை. 2024இல் பெரும்பாலோர் முதலில் எடுத்தது இந்த இருவரையும் அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை. முந்தைய ஆண்டு 21 டச் டவுன் எடுத்தவர். காயத்தால் அந்த சீசனில் அவர் ஆடியது 4 ஆட்டம். அவர் இல்லாத முதல் ஆட்டத்தில் மாற்று வீரர் ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடினார். முதல் ஆளை எடுப்பவர்கள் அவருடைய மாற்று ஆளையும் கடைசிச் சுற்றில் எடுத்து வைப்பது அதனால்தான். வயதை மட்டும் பார்த்து ஒதுக்குவதும் சரியல்ல. "முப்பதைத் தொட்ட ரன்னிங் பேக் வேண்டாம்" என்பார்கள். ஹென்றிக்கு அப்போது வயது 30.

வாராவாரம் இருவரில் ஒருவரை இறக்க வேண்டியவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்பு, யார் ஆடவில்லை என்ற பட்டியல் வரும். ஞாயிறு முதல் ஆட்டங்கள் நம் நேரத்தில் இரவு 10.30க்கு, அதனால் பட்டியல் 9 மணிக்கு. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 10 மணிக்கு. சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு முறை பாருங்கள், போதும். விடிய விடிய விழித்திருக்க வேண்டாம். மேல் வீட்டிலிருந்து நள்ளிரவில் கேட்கும் கூச்சலுக்குப் புகார் வந்திருப்பதாகச் செயலாளர் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, பணம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. "சின்னத் தொகைதானே" என்று யாரும் இழுத்தால் போகாதீர்கள். தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரட்டும்.

இந்த நான்கு கேள்விக்கும் விடை தேடிய பிறகும் இருவரும் சமமாகத் தெரிந்தால், யாரை எடுத்தாலும் சரிதான். மெக்காஃப்ரியை முதலில் எடுத்தவர்கள் யோசிக்காமல் எடுக்கவில்லை, காயம் யார் கையிலும் இல்லை. திங்கட்கிழமை காலை வரும் புள்ளியை வைத்து மகனையோ நண்பரையோ குத்திக்காட்டாதீர்கள். என்ன யோசித்து எடுத்தாய் என்று கேளுங்கள். லீக் ஜனவரிக்குள் முடிந்துவிடும், நாம் பேசிக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

காபி ஆறுவதற்குள் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.