வினைமுதல் தேடும் வாக்கியம்: ஒரு விமான விபத்தும் ஊரார் ஊகங்களும்



இலக்கிய மேடையில் விமான விபத்திற்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. விமானம் இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆனது. அது பொறியாளர்க்கு உரியது. ஆனால் அது விழுந்த மறுகணம் முதல், ஏன் விழுந்தது என்று ஊரார் பேசும் பேச்சு முற்றிலும் சொல்லால் ஆனது. கதைப் பின்னலால் ஆனது. அப்பேச்சு சொல்லை ஆள்வோரின் ஆய்வுக்கு உரியது.

1996 ஜூலை 17ஆம் நாள் அந்திப்பொழுதில், 8.19 மணிக்கு, நியூயார்க் நகரின் கென்னடி விமான நிலையத்திலிருந்து டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 800ஆம் எண் விமானம் பாரிஸ் நோக்கிப் புறப்பட்டது. போயிங் 747 வகையைச் சேர்ந்த அவ்விமானம் பன்னிரண்டு நிமிடங்களில், ஏறத்தாழ 13,700 அடி உயரத்தில், லாங் ஐலண்டுத் தென்கரையை அடுத்த கடலின் மேல் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 230 பேரும் மாண்டனர். பென்சில்வேனியா மாநிலத்தின் மான்டூர்ஸ்வில் என்னும் சிற்றூரிலிருந்து, பள்ளியின் பிரெஞ்சு மொழிக் கழகத்து மாணவர் 16 பேர், பெரியவர் ஐவர் துணையோடு சென்றுகொண்டிருந்தனர். ஒரு மொழியைக் கற்ற ஆர்வத்தால் அம்மொழி வழங்கும் மண்ணைக் காணப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாக வகுத்தார். தொழில், அதைச் செய்பவன், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி ஆகிய ஆறோடு, எதன்பொருட்டு, என்ன பயன் கருதி என்னும் இரண்டும் சேர எட்டாகும். எல்லாத் தொழிலுக்கும் எட்டும் வந்தே தீரவேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. வழக்கில் சில குறையலாம் என்று அடுத்தே ஒரு விலக்கும் வைத்தார். இலக்கண ஆசிரியர் தந்த இந்தச் சலுகையைப் பேரிடர்க் காலத்தில் மக்கள் மனம் ஏற்பதில்லை. ‘விமானம் விழுந்தது’ என்னும் தன்வினை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊர் உறங்கச் செல்ல இயலாது. அது ‘வீழ்த்தப்பட்டது’ என்று மாறுகிறது. மாறிய உடனே, வீழ்த்தியவன் யார் என்னும் இடம் வெற்றிடமாக நின்று ஆளைக் கேட்கிறது.

இவ்விபத்தில் இடமும் காலமும் அன்றிரவே தெரிந்தன. கருவி இன்னதென்று கூற நான்கு ஆண்டுகள் ஆயின. அப்போதும் அது முற்றத் தெளிவாகவில்லை. ஊகமோ பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கிற்று. எதன்பொருட்டு, யாருக்குப் பயன் என்னும் இரு கட்டங்களும் முதலில் நிரம்பின. அவற்றிற்கேற்ற வினைமுதல் பின்னர் வந்தது. அந்த வினைமுதலுக்கேற்ற கருவி அதற்கும் பின்னர்.

ஐயம் எழுந்ததில் பிழையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டால் தகர்ந்து 329 பேர் இறந்தனர். 1988 டிசம்பரில் லாக்கர்பி நகரின் மேல் வெடித்ததும் குண்டே. 1996 ஜூன் 25 அன்று சவூதி அரேபியாவில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு தகர்க்கப்பட்டிருந்தது. அமெரிக்க விமானங்களைக் குண்டு வைத்து வீழ்த்தச் சதி செய்ததாக ராம்சி யூசுப் மீதான வழக்கு, அந்தக் கோடையில் நியூயார்க்கிலேயே நடந்துகொண்டிருந்தது. அட்லாண்டா ஒலிம்பிக் தொடங்க இரண்டே நாள் இருந்தது. சொந்தக் கடற்படையின் மேல் ஐயுற்றோருக்கும் முன்னுதாரணம் இருந்தது: 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணியர் விமானத்தை ஏவுகணையால் வீழ்த்த, 290 பேர் மாண்டனர். வரலாறு கற்பித்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது கல்வியாளர் அடிக்கடி செய்யும் எளிய பிழை.

ஆனால் ஐயம் வேறு, துணிவு வேறு. மணிமேகலையில் வரும் அளவைவாதி, போலி அறிவுகளை எண்ணும்போது ஐயத்தையும் ‘தேராது தெளிதல்’ என்பதையும் தனித்தனியே வைக்கிறான். தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தயங்குவது முன்னது. ஆராயாமலே மனிதன்தான் என்று முடிவுகட்டுவது பின்னது. இரண்டையும் அவன் போலி என்றே கொண்டாலும், முன்னது ஆராய்ச்சிக்கு வாயில் திறக்கிறது; பின்னது அதைச் சாத்திவிடுகிறது.

அவ்வாறு சாத்தியவருள் பெயர்பெற்றவர் பியர் சாலிஞ்சர். குடியரசுத் தலைவர் கென்னடியின் பத்திரிகைச் செயலாளராக இருந்தவர். பின்னர்த் தொலைக்காட்சிச் செய்தியாளராகப் புகழ் ஈட்டியவர். 1996 நவம்பரில் பிரான்சின் கான் நகரில் பேசுகையில், அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணையே தவறுதலாக விமானத்தை வீழ்த்தியது என்றும், அதற்கு ஆவணம் தம்மிடம் உள்ளது என்றும் அறிவித்தார். அந்த ஆவணமோ பல வாரங்களாகக் கணிப்பொறி வலையில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு கடிதம்தான் என்பது விரைவில் வெளிப்பட்டது. வதந்திக்கு இல்லாதிருந்த ஒன்றை அவர் தந்தார்: சொல்பவரின் தகுதி. சொல்லப்பட்டதைவிடச் சொன்னவர் பெரியவராக இருந்தால் ஆராய்ச்சி தேவையற்றுப் போகிறது. இவ்வழக்கம் இலக்கிய உலகிற்கும் புதிதன்று.

செய்தித்தாள்களும் இதற்கு விலக்கல்ல. வெடிமருந்தின் நுண்துகள் சிதைவுகளில் கண்டறியப்பட்டதை 1996 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க் டைம்ஸ் தலைப்புச் செய்தியாக்கியது. விமானத்தினுள் குண்டு வெடித்ததற்குச் சான்று கிடைத்துவிட்டதென்றே பலர் கொண்டனர். அதே விமானம் 1991 வளைகுடாப் போரின்போது படைவீரரை ஏற்றிச் சென்றது என்பதும், விபத்திற்கு ஐந்து வாரங்களுக்கு முன் செயின்ட் லூயிஸ் நகரில் மோப்பநாய்ப் பயிற்சிக்காக அதில் வெடிமருந்துப் பொட்டலங்கள் வைக்கப்பட்டதாகப் பதிவுண்டு என்பதும் பின்னர்த் தெரியவந்தன. துகள் எவ்வழி வந்தது என்று விசாரணையால் அறுதியிட இயலவில்லை. ஆனால் உயர்வேக வெடிப்பு உலோகத்தில் விட்டுச்செல்லும் வடுக்கள், கடலிலிருந்து மீட்டுக் கோக்கப்பட்ட துண்டுகளில் எங்குமே இல்லை. மீட்கப்பட்டதோ விமானத்தின் 95 விழுக்காட்டிற்கும் மேல்.

கவிஞர்கள் நின்று நோக்கவேண்டிய இடம் கண்கண்ட சாட்சிகளின் பகுதி. பதிவு செய்யப்பட்ட 736 சாட்சிகளுள் 258 பேர் வானில் ஓர் ஒளிக்கீற்றைக் கண்டதாகக் கூறினர். அதை ஏவுகணை என்று கொண்டவர் பலர். விசாரணையாளர் கணித்தது வேறு. வெடிப்பில் விமானத்தின் முன்பகுதி துண்டாகிக் கழன்றது. தலையிழந்த எஞ்சிய உடல் எரிந்துகொண்டே மேலும் சில நொடிகள் பறந்தது. அதுவே கரையிலிருந்தோர்க்கு ஒளிக்கீற்றாகத் தோன்றியது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்றவர் செவியில் ஓசை விழுவதற்குள் நாற்பது நொடிக்கு மேல் கழிந்திருக்கும். ஓசை கேட்டு நிமிர்ந்து நோக்கியவர் முதல் வெடிப்பைக் கண்டிருக்கவே முடியாது. கண்டது இறுதிக் காட்சியை. நினைவு அதற்கொரு தொடக்கத்தை இயற்றிக்கொண்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ‘ஒரு வெளிச்சம் தெரிந்தது’ என்பது காட்சி. ‘ஏவுகணை மேலே சென்றது’ என்பது கருதல். பேச்சில் இரண்டும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன.

அந்தச் சொற்களுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. சாட்சிகளை முதலில் விசாரித்தோர் எஃப்.பி.ஐ. புலனாய்வாளர்கள். சாட்சி கூறியதைச் சொல்லுக்குச் சொல் பதியாமல், கேட்டவரே தம் நடையில் சுருக்கி எழுதிக்கொண்டார். ஏடு பெயர்த்தெழுதியோரின் கைப்பிழைகளோடு போராடும் பதிப்பாசிரியர்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும்: மூலம் இல்லை, உரை மட்டுமே உள்ளது. 1997 நவம்பரில் குற்றச்செயலுக்குச் சான்றில்லை என்று அத்துறை அறிவித்தபோது, சி.ஐ.ஏ. உருவாக்கிய அசைவுப்படம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. சாட்சிகள் உண்மையில் கண்டது எது என்பதை அது அவர்களுக்கே எடுத்துரைத்தது. அடுத்த மாதம் பால்டிமோரில் நடந்த பொது விசாரணையில், எஃப்.பி.ஐ.யின் வேண்டுகோளால் சாட்சியங்கள் இடம்பெறவில்லை. உண்மை அரசின் பக்கம் இருந்திருக்கலாம். ஆயினும் வாய் திறந்தவரைப் பேசவிடாமல் வைத்திருந்த அம்முறையே ஐயத்திற்கு உரமாயிற்று. இறுதி அறிக்கை இவ்வகையில் நேர்மையானது: ஒளி ஏறக்குறைய செங்குத்தாக எழுந்ததாகக் கூறிய 38 பேரின் கூற்று விமானம் சென்ற வழியோடு ஒத்துவரவில்லை என்பதை அது மறைக்கவில்லை.

ஊகித்தோர் வரிசையில் ஓர் இலக்கியப் பேராசிரியரும் உண்டு என்பது இந்த அவைக்குச் சுவையூட்டும் செய்தி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த இலேன் ஸ்கேரி, வலியைச் சொல்லில் கொணர்வதன் அருமையைப் பற்றி 1985இல் பெயர்பெற்ற நூல் ஒன்றை இயற்றியவர். 1998 ஏப்ரலில் நியூயார்க் ரிவியூ ஆஃப் புக்ஸ் இதழில் நீண்டதொரு கட்டுரை எழுதினார். அன்றிரவு அவ்வட்டாரத்தில் இருந்த இராணுவ விமானங்களும் கப்பல்களும் உமிழ்ந்த மின்காந்த அலைகள் விமானத்தின் மின்னமைப்பைக் குலைத்திருக்கக்கூடுமா என்பது அவர் எழுப்பிய வினா. அவரும் வெற்றிடத்தில் ஒரு வினைமுதலை நிறுத்தினார் என்பது உண்மையே. ஆனால் சாலிஞ்சர் அறிவித்தார், ஸ்கேரி வினவினார். விசாரணை வாரியத்தின் தலைவர் ஜிம் ஹால் அவருக்கு விடையெழுதினார்; வல்லுநர் நிறுவனங்களைக் கொண்டு அவ்வினா சோதிக்கப்பட்டது; அவ்வாறு நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று முடிவாயிற்று. அவர் ஊகம் தோற்றது. ஆயினும் அது சோதனைக்கு இடங்கொடுத்த ஊகம். வாக்கியத்தின் இறுதியில் இருந்த ஒரு வினாக்குறி இத்தனை வேலை செய்திருக்கிறது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை 2000 ஆகஸ்ட் 23 அன்று ஏற்றது. குண்டுச் செய்தி தலைப்பாக வெளிவந்து சரியாக நான்காண்டு நிறைந்த நாள் அது. இறக்கைகளுக்கு இடையே, பயணியரின் காலடியில் இருந்த மைய எரிபொருள் தொட்டி வெடித்ததே காரணம். ஏறத்தாழ 13,000 கேலன் கொள்ளும் அத்தொட்டியில், பாரிஸ் பயணத்திற்குத் தேவைப்படாமையால், அடியில் தங்கிய 50 கேலன் அளவே இருந்தது. அதன் கீழே குளிர்பதனப் பொறிகள்; விமானம் புறப்படத் தாமதமான அந்தக் கோடை மாலையில் அவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. தொட்டி சூடேறி, எஞ்சிய எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலந்தது. பொறி எங்கிருந்து வந்தது? அதை உறுதியாக அறுதியிட இயலவில்லை என்றது அறிக்கை. ஆராய்ந்த வழிகளுள் பெரும்பாலும் இருக்கக்கூடியது, தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவு எரிபொருள் அளவுகாட்டியின் கம்பி வழியே உட்புகுந்ததே என்றது. இந்தப் ‘பெரும்பாலும்’ என்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஐயுறுவோர் பின்னர் அறிக்கையைத் தாக்கினர். வதந்தியில் அப்படியொரு சொல் இருப்பதில்லை. அது முழு உறுதியோடு பேசும். அளந்து பேசியவன் தடுமாறுபவனாகவும், அளவாது பேசியவன் தெளிந்தவனாகவும் தோன்றியது இவ்விவாதத்தின் பெருங்கேடு.

அங்ஙனமாயின் வினைமுதலே இல்லையா? உண்டு. ஆவியை நீக்க வேண்டியதில்லை, பொறி புகாமல் காத்தால் போதும் என்பது பல்லாண்டுகளாக விமான அமைப்பாளரும் அரசின் கட்டுப்பாட்டாளரும் ஒருங்கே கொண்டிருந்த கோட்பாடு. 1963இல் மேரிலாந்தில் மின்னல் தாக்கி எரிபொருள் ஆவி வெடித்ததால் ஒரு விமானம் வீழ்ந்து 81 பேர் இறந்தனர். 1990 மே மாதம் மணிலாவில் தரையில் நின்ற போயிங் 737 ஒன்றின் மையத் தொட்டி வெடித்து எட்டுப் பேர் இறந்தனர். முகமில்லாத, கூட்டத்தில் எடுக்கப்பட்ட, கோப்பில் உறங்கிய ஒரு முடிவை வில்லனாக்கிக் கதை சொல்ல ஊரார் பேச்சுக்குத் தெரியவில்லை. ஏவுகணையைத் தேடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதே வகைத் தொட்டிகளோடு விமானங்கள் நாள்தோறும் பறந்தன. 2001 மார்ச்சில் பாங்காக்கில், தாய்லாந்துப் பிரதமர் தக்சின் ஷினவாத்ரா ஏறவிருந்த விமானம் தரையில் வெடித்து, பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். கொலைமுயற்சி என்றே முதலில் உலகமெங்கும் பேசப்பட்டது. வெடித்தது மையத் தொட்டி. அங்கும் குளிர்பதனப் பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தொட்டியில் தீப்பற்றும் தன்மையைக் குறைக்க வேண்டும் என்று வாரியம் 1996 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. அதற்கான விதி அமெரிக்காவில் பிறப்பிக்கப்பட்டது 2008 ஜூலையில்.

ஊகம் அத்துடன் ஓயவில்லை. விசாரணையை மீண்டும் திறக்கவேண்டும் என்று 2013இல் ஓர் ஆவணப்படக் குழுவினர் மனு அளித்தனர். 2014இல் வாரியம் அதை மறுத்தது. இறந்தோர் 230 பேரின் உடல் எச்சங்களும், பல மாதத் தேடலுக்குப் பின், ஒருவர் விடாமல் அடையாளம் காணப்பட்டிருந்தன. துண்டு துண்டாய்க் கோத்து நிறுத்தப்பட்ட விமான உடல், வர்ஜீனியாவில் உள்ள பயிற்சிக் கூடத்தில் விசாரணையாளர் பயில்வதற்காக 2003 முதல் வைக்கப்பட்டிருந்தது. பொதுமக்கள் பார்வைக்கு அதை வைப்பதில்லை என்று குடும்பத்தாருக்கு வாரியம் வாக்களித்திருந்தது. 2021இல் அப்பயன்பாடு நிறுத்தப்பட்டது. லேசர்க் கதிரால் முழுவதும் அளந்து பதிவு செய்தபின், அந்த உலோகம் அழிக்கப்பட்டது.